ஒரு கோடைக்குக் கொடுத்த சாவி

நித்யா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர இரண்டு மாடி ஏறினால் போதும். லிப்டில் இருபது வினாடி. அந்த இருபது வினாடியை நாம் இரண்டு பேரும் பதினெட்டு நாளாகக் கடக்கவில்லை. முந்தாநாள் லிப்டில் நீயும் நானும் மட்டும்தான் இருந்தோம். நீ போனைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அபார்ட்மெண்ட் சங்கத் தலைவர் பதவிக்கு இரண்டு பேர் போட்டி என்று அதில் போட்டிருந்தது. ஒன்று என் பெயர், இன்னொன்று உன் பெயர். அதை டைப் அடித்து ஒட்டச் சொன்னதும் நான்தான். நாம் பேசாமல் நின்றதை வாட்ச்மேன் யாதையா கேமராவில் பார்த்துவிட்டு உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அவள் தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க, ஒரே லிப்டுல வந்துட்டு அப்பனும் மகளும் வாயத் தொறக்கலியாமா? யாதையா சொல்லிச் சிரிக்கிறான். நான் மேல சட்னி கொண்டுபோறப்ப அவ மூஞ்சியப் பாக்கோணும், கீழ வந்தா உங்க மூஞ்சியப் பாக்கோணும். எனக்கு எதுக்குங்க இந்தத் தண்டனை?" நான் இன்னொரு தோசை கேட்டேன்.

நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரிந்தே தமிழில் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் நான் முடிப்பதற்குள் நீ நான்கு பதில் தட்டியிருப்பாய். இதைப் படிக்க உனக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த ஒரு மணி நேரம் நீ குறுக்கே பேச முடியாது. அறுபத்தெட்டு வயதில் எனக்கு மிச்சமிருக்கும் சலுகை இதுதான்.

இன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை மதியம் முதல் மாடி சுந்தரேசன் சார் வீட்டைக் காலி செய்துகொண்டு கோயம்புத்தூரில் மகனோடு இருக்கப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு, ஓட்டு. இந்த இரண்டு நாளுக்குள் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதினோரு வருடமாகச் சொல்லாதது. சனிக்கிழமை போய்விட்டால் அதைக் கேட்க வேண்டிய ஆள் இங்கே இருக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டால் சொல்லிப் பிரயோஜனம் இருக்காது. அது என்னவென்று உனக்கு ஏற்கெனவே தெரியும் என்றுதான் நினைக்கிறேன். பதினெட்டு நாளுக்கு முன் சண்டையில் நீ அதன் வாலைப் பிடித்துவிட்டாய்.

அந்தச் சண்டையை நினைத்துப் பார். நீ வந்து, நானும் நிற்கிறேன் என்றாய். நான் சிரித்தேன். "மாதாப்பூர் ஐ.டி. ஆபீஸ்ல கம்ப்யூட்டர் தட்டறதும் அறுபது வீட்டுக்குத் தண்ணி விடறதும் ஒண்ணா கண்ணு?" என்று கேட்டேன். "ஒரு சம்மருக்குன்னுதானே அப்பா இந்தப் பதவிய எடுத்துக்கிட்டீங்க? எதுக்கு இன்னும் பிடிச்சுட்டு இருக்கீங்க?" என்றாய் நீ. நான் குரலை உயர்த்தினேன், யார் போட்ட மோட்டார், யார் கொண்டுவந்த டாங்கர் என்று. அப்போது நீ மெதுவாகச் சொன்னாய்: "உங்க கார் எங்க நிக்குதுன்னு உங்களுக்கே தெரியும்." அந்த ஒரு வார்த்தைக்குத்தான் உன்னை வெளியே போ என்றேன். நீ பதவிக்கு நின்றதற்கு இல்லை.

போன வருடம் முழங்கால் ஆபரேஷன் முடிந்து நான் கட்டிலில் கிடந்தபோது நீ ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து என் வயிற்றின் மேல் வைத்தாய். அபிட்ஸ் நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமை வாங்கிய பழைய புத்தகம். "படுத்துக்கிட்டு க்ரூப்ல எல்லாரையும் திட்டாதீங்கப்பா. இதைப் படிங்க. ரோம். உங்கள மாதிரி ஆளுங்க கதைதான்." பத்தாம் வகுப்போடு நிறுத்தியவன் நான். ஹைதராபாத் ராணிகஞ்சில் பம்புக் கடையில் பெட்டி தூக்க வந்து, பிறகு மல்லாபூரில் சொந்தக் கடை போட்டவன். பம்பு கேட்டலாக் தவிர ஆங்கிலத்தில் நான் முழுதாகப் படித்தது அந்தப் புத்தகம் ஒன்றுதான். போனில் அர்த்தம் பார்த்துப் பார்த்து ஆறு வாரம் படித்தேன். சரக்கு பார்ப்பதுபோலத்தான் படித்தேன். எது தாங்கும், எது முதல் மழைக்கே துருப்பிடிக்கும் என்று. நீ என்ன நினைத்துக் கொடுத்தாயோ தெரியாது. எனக்கு அது என்னையே பிரித்துக் காட்டிவிட்டது.

அந்த ரோம் நகரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய ஆபத்து வந்தால் எல்லா அதிகாரத்தையும் ஒரே ஆள் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆனால் ஆறு மாதம்தான். வேலை முன்னாலேயே முடிந்தால் முன்னாலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வயலில் உழுதுகொண்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டுக் கொடுத்தார்களாம். அவர் சண்டையை முடித்துவிட்டுப் பதினாறாம் நாள் பதவியை வைத்துவிட்டு உழவுக்குப் போய்விட்டாராம். முழுக்க நடந்ததோ, அவர்கள் தங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதோ, தெரியாது. எப்படியிருந்தாலும் ஒரு ஊர் எதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது என்பதைப் பார். முடித்ததை மட்டும் அவர்கள் சொல்லவில்லை, திருப்பிக் கொடுத்ததைச் சொன்னார்கள். பிற்காலத்தில் ஒருவர் இது ஆயுளுக்கும் எனக்கே என்றார். அவரைச் சபையிலேயே குத்திக் கொன்றது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பக்கத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்தேன். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஆணியில் அந்த இரும்புச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பிளாக்குக்கும் தண்ணீர் திறந்துவிடும் வால்வுச் சாவி, ஒரு முழ நீளம், தலையில் குறுக்குக் கம்பி. பதினோரு வருடமாக என் வீட்டு ஆணியில்.

பதினோரு வருடத்துக்கு முன், அந்தக் கோடையில் உனக்குப் பத்தொன்பது வயது. இரண்டு போர்வெல்லும் வற்றிவிட்டன. மாநகராட்சித் தண்ணீர் எப்போது வரும் என்று லைன்மேனுக்கே தெரியாது. மூன்றாவது போர் போடலாம் என்று சங்கத்தில் முடிவானது. எங்கே போடுவது என்று பார்க்கத் தேங்காய் வைத்துக்கொண்டு நடப்பவரைக் கூப்பிடலாம் என்றார்கள். அப்போது செயலாளராக இருந்த சுந்தரேசன் சார் வேண்டாம் என்றார். ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் முப்பது வருடம் இருந்துவிட்டு வந்தவர், எதையும் வரைந்து பார்த்துத்தான் பேசுவார். ஒரு மாதம் தெருத்தெருவாக நடந்து, எந்த வீட்டுப் போரில் எத்தனை அடியில் தண்ணீர், எது வற்றியது, பழைய கிணறு எங்கே இருந்தது என்றெல்லாம் கேட்டு கிராஃப் தாளில் புள்ளி வைத்தார். கடைசியில் கட்டடத்துக்குப் பின்னால், கிழக்கு மூலையில், சுண்ணாம்பில் ஒரு வட்டம் போட்டார். இங்கே வாய்ப்பு அதிகம், உறுதியில்லை என்று அன்றே சொன்னார். யாரும் இரண்டாவது பாதியைக் கேட்கவில்லை.

போர் போடும் ரிக் லாரி ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. அன்று சுந்தரேசன் சார் தன் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். லாரி பின்பக்கம் திரும்ப முடியவில்லை. வழியில் இரண்டு கார். சொந்தக்காரர்கள் திருப்பதி போயிருந்தார்கள். ரிக்காரர்கள் திருச்செங்கோட்டுப் பையன்கள். நான் தெலுங்கில் பேசப் போக, டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்ண்ணா, நீங்க நம்மூருங்களா?" என்றான். கரூர்ப் பக்கம் என்றேன். அவ்வளவுதான். எந்த ஊர், எந்தப் பஸ், யார் கடையில் டீ என்று அரை மணி நேரம். நாற்பது வருடமாக ஹைதராபாத்தில் ஒவ்வொரு பொருளையும் இரண்டு முறை தட்டிப் பார்த்து வாங்குகிறவன் நான். என் பேச்சை என்னிடமே திருப்பிப் பேசுகிற ஒருத்தன் கிடைத்ததும் தட்டிப் பார்க்காமல் வாங்கிவிட்டேன். "இப்பிடியே முன்னாடி போட்டர்லாமுங்ண்ணா. பதனஞ்சடிதான தள்ளுது? தண்ணி கீழதான இருக்குது, எந்திரிச்சா ஓடிப்போயிரும்?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. "போடு தம்பி" என்றேன். இந்த ஊரில் நம்மவர்கள் செய்கிற தப்பு இது, நித்யா. தெலுங்குக்காரன் சொன்னால் ஏன் என்று கேட்போம். நம்மூர்க்காரன் சொன்னால் டீ வாங்கிக் கொடுப்போம். தொள்ளாயிரம் அடி போனது. புழுதிதான் வந்தது. டீ குடித்துவிட்டு லாரி போய்விட்டது.

அடுத்த நாள் கூட்டம். அறுபது வீட்டிலும் இரண்டு நாளாகக் குளியல் இல்லை. எல்லோரும் சுந்தரேசன் சாரைப் பிடித்துக்கொண்டார்கள். கிராஃப் தாளைக் காட்டச் சொல்லிச் சிரித்தார்கள். ரிட்டயர்டு ஆளுக்கு விளையாட நம் போர்தான் கிடைத்ததா என்று தெலுங்கிலும் ஹிந்தியிலும் கேட்டார்கள். அவர் எழுந்து, "நான் குறிச்ச எடம்..." என்று ஆரம்பித்தார். கத்தினார்கள். அவர் கூட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். அந்தப் பார்வை என் மேலும் வந்தது. நான் என் செருப்பைப் பார்த்தேன். அவர் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு வாக்கியம்தான் வேலை. 'இடத்தை மாற்றியது நான்' என்றால் போதும். சொல்லவில்லை. பிறகு யாரோ, பைப்பும் மோட்டாரும் தெரிந்தவர் இவர்தான், இந்தச் சம்மர் முடியும்வரை சங்கப் பொறுப்பை இவர் கையில் கொடுத்துவிடலாம் என்றார்கள். கை தட்டினார்கள். சுந்தரேசன் சார் வால்வுச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அவரே வைத்தார். அந்த வறண்ட குழிக்கு அன்றிலிருந்து 'சுந்தரேசன் போர்' என்று பெயர். இன்றைக்கும் பிளம்பர் அப்படித்தான் சொல்கிறார். 'சுந்தரேசன் போர் பக்கத்தில் வண்டி நிறுத்துங்கள்' என்று நீயே சொல்லிக் கேட்டிருக்கிறேன், தப்பு உன்னுடையது இல்லை. அவர் மனைவி அதற்குப் பிறகு கீழே ஒரு விசேஷத்துக்கும் வரவில்லை. இப்போது அந்த அம்மாவும் இல்லை.

ஒரு வாரம் கழித்து நீ வந்து கேட்டாய்: "அப்பா, அங்கிள் போட்ட வட்டம் அப்படியே இருக்கு. குழி வேற எடத்துல இருக்கே?" போய்ப் படி என்றேன். அடுத்த மாதம் சுந்தரேசன் சாருடையதையும் சேர்த்துப் பார்க்கிங் இடங்களை மாற்றி ஒதுக்கினேன். எனக்குக் கிழக்கு மூலை. அந்த வட்டத்தின் மேல்தான் பதினோரு வருடமாக என் கார் நிற்கிறது. நீ கேட்டதற்கு இதுதான் பதில்.

இப்போது அந்தப் புத்தகத்தில் என்னைப் படுக்கவிடாமல் செய்த இடத்தைச் சொல்கிறேன். யானைகளோடு மலை தாண்டி வந்த எதிரியிடம் ரோமர்கள் ஒரு சண்டையில் ஏறக்குறைய மொத்தப் படையையும் இழந்துவிட்டார்கள். இரண்டு தலைவர்களில் ஒருவர் அங்கேயே செத்தார். இன்னொருவர், சண்டை வேண்டும் என்று அவசரப்பட்டவர் அவர்தான் என்று சொல்கிறார்கள், தப்பித்து, சிதறிப்போனவர்களைத் திரட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். எதிரியின் ஊராக இருந்தால் தோற்றுவந்த தளபதியைச் சிலுவையில் அறைந்திருப்பார்கள். இங்கே ஜனங்கள் திரளாக ஊர் வாசலுக்குப் போய் அவரை எதிர்கொண்டார்கள். நாடு பிழைக்கும் என்ற நம்பிக்கையைக் கைவிடாமல் திரும்பி வந்ததற்கு நன்றி என்றார்கள். அது நல்ல மனசு என்று நான் சொல்லமாட்டேன். நான் வியாபாரி, எனக்குத் தெரிகிறது அது கணக்கான புத்தி. தோற்றுவந்தவனை அறைந்தால் அடுத்த முறை தோற்றவன் திரும்பி வரமாட்டான். என்ன தப்பு நடந்தது என்று சொல்லவும் ஆள் இருக்காது. நம் கட்டடத்தில் சுந்தரேசன் சாரை உட்கார வைத்த பிறகு பதினோரு வருடத்தில் ஒருவராவது எழுந்து, 'இது என் தப்பு' என்று சொல்லியிருக்கிறாரா? லிப்ட் நின்றால் கம்பெனி, தொட்டி வழிந்தால் வாட்ச்மேன், கரண்ட் போனால் அரசாங்கம். அதை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது நான். நம் ஊரிலும் நாட்டிலும் ஏதாவது இடிந்து விழுந்தால் முதலில் யாரைப் பிடிக்கலாம் என்றுதானே டிவி கேட்கிறது? எப்படி இடிந்தது என்று கேட்பதற்குள் அடுத்தது இடிந்துவிடுகிறது.

அதற்காக அவர்களைப் பெரிய மகான்கள் என்று எண்ணிவிடாதே. அதே தோல்விக்குப் பிறகு, சாமி கோபம் தீர வேண்டும் என்று, வேற்று இனத்துக்காரர்கள் நான்கு பேரைச் சந்தைத் திடலில் உயிரோடு புதைத்தார்கள். அதுவும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. பயந்த ஊர் ஒரு கையால் நன்றி சொல்லும், இன்னொரு கையால் குழி தோண்டும். நாமும் தோண்டினோம். அந்தக் கோடையில் தொட்டி சீக்கிரம் காலியாகிறது என்றதும் யாதையா வீட்டுக் குழாய்க்குப் பூட்டுப் போட்டேன். அவர் மனைவி தண்ணீர் விற்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். பிறகு பார்த்தால் இரண்டாம் பிளாக்கில் மேல்தொட்டி வால்வு கசிந்துகொண்டிருந்தது. பூட்டை எடுத்தேன். மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. தீபாவளிக்குப் புடவை அதிகமாகக் கொடுத்தேன். நான் செய்யும் வியாபாரம் அப்படி.

டாங்கர் விஷயமும் சொல்லிவிடுகிறேன், உனக்கு உதவும். எல்லாக் கட்டடமும் டாங்கருக்குச் சண்டை போட்டதில் விலை ஏறியது. நான் பக்கத்துக் கட்டடத் தலைவர்களைக் கூட்டி, இந்த விலைக்கு மேல் யாரும் கொடுக்கக் கூடாது என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். வெற்றி என்று இனிப்பு கொடுத்தேன். மூன்றாம் நாள் தெருவில் ஒரு டாங்கர் இல்லை. எல்லாம் ஓட்டல்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் போய்விட்டன. ரோமில் கடைசிக் காலத்தில் ஒரு பேரரசர், கோதுமையிலிருந்து செருப்புவரை உச்ச விலை நிர்ணயித்துக் கல்லில் வெட்டி வைத்தாராம், மீறினால் மரணம் என்று. சரக்கு சந்தையை விட்டே ஒளிந்துகொண்டதாம். வாழ்நாள் முழுக்கச் சரக்கு எங்கே போகும் என்று பார்த்துப் பிழைத்த நான், நாற்காலியில் உட்கார்ந்த ஒரே வாரத்தில் அதை மறந்தேன். நாற்காலி அப்படிச் செய்யும். உனக்கும் செய்யும். கடைசியில் தண்ணீர் கொண்டுவந்தது என் கையெழுத்துத் தாள் இல்லை. ஒரு டாங்கர்காரரின் பம்பு ரிப்பேராகி மல்லாபூரில் என் கடைக்கு வந்தது. அன்றே சரிசெய்து கொடுத்தேன். அவர் தினமும் நமக்கு இரண்டு நடை ஒதுக்கினார். அவ்வளவுதான் என் சாதனை. மற்றதெல்லாம் ஜூன் மாதத்து மழை செய்தது.

மழை வந்த அன்றே நான் சாவியைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். அடுத்த கோடை வரட்டும் என்றேன். அடுத்த கோடைக்குப் பிறகு மோட்டார் மாற்றும்வரை என்றேன். பிறகு கொரோனா வந்தது, யாரும் கேட்கவில்லை. ஆபத்து தீர்ந்துவிட்டது என்று நானே எப்படிச் சொல்வேன்? ஆபத்து இருந்தால்தானே நான்? நேர்மையாகச் சொல்கிறேன், ஒரு வாஷர்கூட என் கடையிலிருந்து இங்கே விற்கவில்லை. அதை நினைத்து நினைத்து என்னை யோக்கியன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். காலை ஐந்து மணிக்கு யாராவது தண்ணீர் வரவில்லை என்று போன் செய்தால் திட்டிக்கொண்டே எழுவேன். போன் வராத நாளில் கைகால் ஓடாது. இப்போது அந்தச் சாவியைத் தூக்கி வால்வைத் திருகினால் முழங்கால் நடுங்குகிறது. இருந்தும் யாதையாவிடம் கொடுக்க மனம் வரவில்லை.

இவ்வளவும் வியாழக்கிழமை மதியம் எழுதியது. நேற்று முழுக்க முதல் மாடிக்குப் போக இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறை கடைக்குப் போய்விட்டேன். இன்று சனிக்கிழமை. காலையில் போனேன். கதவு திறந்திருந்தது. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் சுந்தரேசன் சார் மார்க்கரால் பெட்டிகளில் எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க பிரசிடெண்ட் சார். காலி பண்றவங்க லிப்டுக்குக் காசு கட்டணும்னு நீங்க போட்ட ரூல்தானே? வசூலுக்கு நீங்களே வந்துட்டீங்களா?"

"இல்லீங் சார். உக்காரலாமுங்களா?"

"நாற்காலி எல்லாம் கட்டியாச்சு. அந்தப் பெட்டி மேல உக்காருங்க. புத்தகம்தான், உடையாது."

உட்கார்ந்தேன். "சார், அந்தப் போர் நீங்க குறிச்ச எடத்துல போடலீங்க. நாந்தான் மாத்திப் போடச் சொன்னேன்" என்றேன்.

அவர் மார்க்கருக்கு மூடி போட்டார். "தெரியும்."

"எப்பங் சார்?"

"அன்னிக்குச் சாயங்காலமே. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து பாக்கறேன், என் வட்டம் அழியாம இருக்கு, குழி தள்ளி இருக்கு. முப்பது வருஷம் டிராயிங் பார்த்தவனுக்கு இது தெரியாதா?"

"அப்பறம் ஏன் சார் கூட்டத்துல சொல்லல?"

"சொல்லத்தான் எழுந்தேன். கத்தினாங்க. சுத்திப் பார்த்தேன். அந்த ஹால்ல மோட்டாரும் டாங்கரும் தெரிஞ்ச ஆளு நீ ஒருத்தன்தான் இருந்த. உன்னையும் சேர்த்து நாசம் பண்ணிட்டா அந்தக் கோடையை யார் பாத்துக்குவா? போகட்டும்னு உக்காந்தேன்." அவர் ஒரு பெட்டியின் வாயை மடக்கி மூடினார். பிறகு என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "ஒரு கோடைக்குத்தான்யா உனக்குக் கொடுத்தேன். நீ பதினோரு கோடை எடுத்துக்கிட்ட."

நித்யா, ரோமில் தோற்றவனை ஊர் காப்பாற்றியது. இங்கே தோற்காத ஒருவர் தோற்றவனாக உட்கார்ந்து ஊரைக் காப்பாற்றியிருக்கிறார், நான் அவர் கார் நிறுத்தும் இடத்தைக்கூட மாற்றியிருக்கிறேன். "கீழே வர முடியுங்களா சார்?" என்று மட்டும் கேட்டேன்.

காரை எடுத்துத் தெருவில் நிறுத்தினேன். எண்ணெய்க் கறையும் புழுதியும் தவிர கார் நின்ற இடத்தில் ஒன்றும் இல்லை. யாதையாவின் மனைவியிடம் கோலப்பொடி கேட்டேன். அந்த அம்மா ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. முழங்காலை மடக்க முடியாமல் குனிந்து ஒரு வட்டம் போட்டேன். சுந்தரேசன் சார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

"அங்க இல்லை. இன்னும் நாலடி கிழக்கே. அந்த மழைநீர்க் குழாய்க்கு நேர்."

அழித்துவிட்டு மறுபடி போட்டேன். "தண்ணி வருமா சார்?"

"அன்னிக்கும் உறுதியாச் சொல்லலை, இன்னிக்கும் சொல்லலை. வரலைன்னா அந்தப் பேரு நியாயமா எனக்கே இருக்கட்டும்."

மதியம் வண்டி வந்தது. வாசலில் நானும் யாதையாவும் நின்றோம். அறுபது வீட்டில் இரண்டு பேர். நன்றி சார் என்றேன். கார் கண்ணாடியை இறக்கி, "லிப்டு காசு வாங்கலையே நீ?" என்றார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. வண்டி போய்விட்டது. நீ அப்போது ஆபீஸ் வேலையாக மேலே இருந்திருப்பாய். கூப்பிட்டிருக்கலாம். எனக்குத் தைரியம் இல்லை.

இனி நாளைக்கு. என் பெயரை எடுத்துவிடுகிறேன். ஓட்டுக்கு முன்னால் எழுந்து, மூன்றாவது வரிசையில் சொல்லாத அந்த வாக்கியத்தைச் சொல்கிறேன். அதனால் உனக்கு நஷ்டம் வரலாம். 'அந்தாளு மகள்தானே' என்று உனக்கும் ஓட்டுப் போடாமல் போவார்கள். அதற்கு என்னிடம் மாற்று இல்லை. சொல்லாமல் உன்னை ஜெயிக்க வைப்பதைவிட, சொல்லி நீ தோற்பதை நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கோபப்படு. ஆனால் ஜெயித்தால் முதல் வேலையாக உன் பதவி முடியும் தேதியை நீயே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடு. யாராவது தப்பை ஒப்புக்கொண்டு எழுந்தால் கூட்டம் கத்துவதற்குள் நீ எழுந்து நின்று அவருக்கு நன்றி சொல். நாளைக்கு எனக்கு அது வேண்டாம். அது எனக்குச் சேர வேண்டியது இல்லை.

சாவியை இந்தக் கடிதத்தோடு அனுப்பவில்லை. அனுப்பினால் அது அப்பன் மகளுக்குக் கொடுத்த சொத்தாகிவிடும். ரோமில் பிற்காலத்தில் ஆட்சியையே அப்படித்தான் கொடுத்தார்கள், அதன் பலன் அந்தப் புத்தகத்தின் பின்பாதி முழுக்க இருக்கிறது. நாளை மேசைமேல் வைக்கிறேன். யாரை எடுக்கச் சொல்கிறார்களோ அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

அம்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், சட்னிக் கிண்ணத்தோடு. படித்து முடித்ததும் உன் பால்கனியிலிருந்து கிழக்கு மூலையைப் பார். கோலப்பொடி காற்றுக்குக் கலையும் என்று சுற்றிலும் நான்கு செங்கல் வைத்திருக்கிறேன். மறுபடி தோண்டுவதா வேண்டாமா என்று புதிய சங்கம் முடிவு செய்யட்டும், நான் வாய் திறக்கமாட்டேன். ஒன்று மட்டும் உனக்குத் தெரிந்திருக்கட்டும். வண்டி போன பிறகு நான் கேட்டிலிருந்து அந்த மூலைவரை நடந்து அடி அடியாக அளந்து பார்த்தேன். என் கார் இல்லாவிட்டால், ரிக் லாரி திரும்ப இடம் இருக்கிறது.

அப்பா